கேளுங்கள் அக்காவிடம்: திறந்த மூல மென்பொருளில் நாமும் கை வைக்கலாமா?

போன இதழில், ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரெஓபிஸ் மென்பொருளைப் பற்றி எழுதியபோது, "இதை யாரும் திருத்தலாம், நீங்களும்தான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மென்பொருளின் கோடை, அதாவது நிரலை, எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் பாவிக்கவும் விட்டுவைப்பதுதான் திறந்த மூலம். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

புதிய வாசகர்களுக்கு: நான் ஹட்டனில் இருந்துகொண்டு மென்பொருள் பரிசோதிக்கும் வேலை பார்ப்பவள். அடுத்தவர் எழுதிய கோடில் பிழை பிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே என் பதில்களும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அக்கா, நான் ஐ.டி. டிப்ளோமா முதலாம் வருடம். திறந்த மூலத்தில் வேலை செய்தால் சீவியில் போடலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள். கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்குத் திறந்து "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்று தேடினேன். ஆயிரக்கணக்கில் வருகிறது. எதைத் தொடுவது என்றே விளங்கவில்லை.
*மாணவர், தலவாக்கலை*

தம்பி, முதலில் அந்தத் தேடலை மூடுங்கள். புதியவர்களுக்கென்று ஒதுக்கிய வேலைகள்தான் அவை, பொய்யில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எல்லா முதலாம் வருட மாணவர்களும் அதே பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் போட்ட வேலைக்குக் கீழே மாலைக்குள் நாலு பேர் "எனக்குத் தாருங்கள்" என்று வரிசையில் நிற்பார்கள். அதில் மூன்று பேர் அந்த மென்பொருளை ஒரு தரமும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் லெப்டொப்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விஎல்சி இருக்கும். ஃபயர்பாக்ஸ் இருக்கலாம். படம் திருத்த ஜிம்ப், குரல் வெட்ட ஒடாசிட்டி, வகுப்புக்குப் பைதன் என்று ஏதாவது கட்டாயம் இருக்கும். இவையெல்லாம் திறந்த மூலம்தான். கடைசியாக எது உங்களை எரிச்சல்படுத்தியது? எந்த வழிகாட்டியில் சொன்னபடி செய்தும் வேலை நடக்கவில்லை? அதுதான் உங்கள் வேலை. நீங்கள் பாவிக்கும் பொருளில் உங்களுக்கே பட்ட குறையை, வேறு யாரும் ஒதுக்கித் தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபயர்பாக்ஸ் மாதிரி மிகப் பெரியதில் முதல் கோட் திருத்தத்தைத் தொடங்க வேண்டாம். அதைக் கணினியில் கட்டி ஓடவைக்கவே உங்கள் மாத டேட்டாவும் பொறுமையும் தீர்ந்துவிடும். வகுப்பு வேலைக்காக நீங்கள் இறக்கிய ஒரு சின்ன பைதன் நூலகம் (மற்றவர் எழுதிவைத்த கோட் தொகுப்பு) போதும். எடுத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். கடைசியாக எப்போது யாருடைய மாற்றத்தை ஏற்றிருக்கிறார்கள்? இரண்டு வருடமாக எதுவும் அசையவில்லை என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை, திரும்பிவிடுங்கள். அடுத்தது, "கான்ட்ரிபியூட்டிங்" என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். எப்படி அனுப்ப வேண்டும், என்ன சோதனை ஓட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. எல்லோரும் கிட்ஹப்பில் இருப்பதும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலுக்கு இன்றைக்கும் மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன. விஎல்சி, கிட்ஹப் மாதிரியான கிட்லேப் தளம் ஒன்றைத் தனக்கென்று வைத்திருக்கிறது. லிப்ரெஓபிஸ் கெரிட் என்ற வேறொரு முறையைப் பாவிக்கிறது.

சரி, நிறுவும் வழிகாட்டியில் ஒரு கட்டளை பழையதாகிவிட்டது, அதைத் திருத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய திட்டத்தை உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுப்பது ஃபோர்க். அதை உங்கள் கணினிக்கு இறக்குவது குளோன். இறக்கும்போது டெப்த் 1 என்று சேர்த்தால் பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் வரும். ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பிறகு தனி பிராஞ்ச், அதாவது கிளை ஒன்று திறந்து, திருத்தி, அந்த மாற்றத்தைப் பதிந்து (இதுதான் கமிட்), உங்கள் பிரதிக்கு ஏற்றி, "இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். இவ்வளவுதான் சடங்கு. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேர்னல் வேலைக்காகவே, இந்தப் படிகளுக்கு அடிப்படையான கிட் என்ற கருவியை 2005இல் எழுதினார். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கோடில் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்யத்தான் இத்தனை படிகள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டே சொல் மாற்றியிருப்பார்கள். சேவ் அழுத்தியதும் எடிட்டர் முழுக் கோப்பின் இடைவெளிகளையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிடும். விண்டோஸ் என்றால் வரி முடிவுக் குறிகளும் மாறியிருக்கும். அந்தப் பக்கம் பார்க்கிறவருக்கு நானூறு வரி சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். அதற்குள் உங்கள் இரண்டு சொல்லைத் தேட அவருக்கு நேரம் கிடையாது. ஆகவே கமிட் செய்ய முன்னர், மாற்றங்களைக் காட்டும் "கிட் டிஃப்" கட்டளையைப் போட்டு, நீங்கள் தொட்டது மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். விளக்கத்தில், "மூன்றாம் படியில் உள்ள கட்டளை உபுண்டு 24.04இல் பிழை காட்டுகிறது, புதிய கட்டளை இது, ஓட்டிப் பார்த்தேன்" என்று எழுதினால் போதும். "மேம்படுத்தினேன்" என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் எதையும் சொல்லாது.

சீவி பற்றி: பத்துத் திட்டங்களில் பத்து எழுத்துப்பிழை திருத்தியதைவிட, ஒரே திட்டத்தில் ஒரு வருடம் நின்று செய்த வேலைதான் நேர்முகத்தேர்வில் பேசும். திறந்த மூலத்துக்குப் பங்களிக்க ஒக்டோபரில் எல்லோரையும் அழைக்கும் ஹக்டோபர்ஃபெஸ்ட்டையும் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். 2014இலிருந்து நடக்கிறது. 2020இல் பரிசு டி-ஷர்ட்டுக்கு ஆசைப்பட்டு, திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் "அருமையான திட்டம்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்களால் திட்டங்களை நடத்துகிறவர்கள் நொந்துபோய், கடைசியில் விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று அந்த மாதத்துக்குள்ளேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. டி-ஷர்ட் ஹட்டன் பஜாரிலும் கிடைக்கும்.

பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எழுதினால் சிரிப்பார்களோ?
*தட்டச்சு நிலையம் நடத்துபவர், இராகலை*

சிரிக்க மாட்டார்கள் அக்கா. பிழைகளை வாங்கிப் பார்க்கிறவர்களில் பல பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்குப் பிடிக்காதது தப்பான இலக்கணம் இல்லை, தகவல் இல்லாத முறைப்பாடு.

நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே போடுகிறேன்: "தமிழில் அடித்ததை பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து உடைகிறது." இதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் என்ன செய்வார்? அவருக்குத் தமிழ் எழுத்து உடைந்தால் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மென்பொருளின் பதிப்பு இது. விண்டோஸ் 10. எழுத்துரு இது. செய்தது: புதிய ஆவணம் திறந்து 'கொழுந்து' என்று ஒரே சொல்லை அடித்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தேன். எதிர்பார்த்தது: திரையில் தெரிவது போலவே. கிடைத்தது: முதல் எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது. இரண்டின் படமும் அந்த ஆவணமும் இணைத்துள்ளேன். வேறு எழுத்துருவில் இது வருவதில்லை."

இதில் கடைசி வாக்கியம்தான் தங்கம். பிழை எங்கே இருக்கிறது என்பதைப் பாதித் தூரம் அதுவே காட்டிவிடும். முப்பது பக்க ஆவணத்தை அனுப்பாமல் ஒரே சொல்லுக்குக் குறைத்துக் காட்டியதும் அப்படித்தான். இதை எளிய ஆங்கில வாக்கியங்களாக்க ஒரு பாடசாலைப் பிள்ளையின் உதவி போதும். அனுப்ப முன்னர் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதற்குக் கீழே உங்கள் விபரத்தைச் சேர்க்கலாம்.

ஒன்று கேட்க மறந்தேன். நீங்கள் அடித்தது யுனிகோட் தமிழா, பாமினி எழுத்துருவா? பாமினியில் அடித்தது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு மாறினால் குப்பையாகத்தான் தெரியும். அது மென்பொருளின் பிழை ஆகாது.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. லெப்டொப் வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை. கோடும் தெரியாது. எனக்கு ஏதாவது செய்ய இருக்கிறதா?
*கடை ஊழியர், மஸ்கெலியா*

இருக்கிறது. அதுவும் கொழும்பில் லெப்டொப்புடன் இருப்பவரால் செய்ய முடியாத வேலை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு உலக வரைபடம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் இந்தத் தரவில்தான் ஓடுகின்றன. முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும். மென்பொருள் கேட்டால் வரைபடம் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். தரவு இல்லாவிட்டால் அந்தச் செயலிகள் வெறும் வெள்ளைத் திரை.

அதில் உங்கள் தேயிலைத் தோட்டத்தைத் திறந்து பாருங்கள். பெரிய வீதி இருக்கும். எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் செய்மதிப் படத்தைப் பார்த்து லயக் குடியிருப்புகளின் கூரைகளை நீளநீளமாக வரைந்தும் இருக்கலாம். ஆனால் அது மேற்பிரிவா, கீழ்ப்பிரிவா, நம் ஆட்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது செய்மதிக்குத் தெரியாது. நம் பக்கத்தில் ஒரே இடத்துக்குப் பெயர்ப்பலகையில் ஒரு ஆங்கிலப் பெயர், பக்கத்துக் கிராமத்தார் சொல்லும் சிங்களப் பெயர், தோட்டத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர் என்று மூன்று இருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒன்றை அழித்து மற்றதைப் போட வேண்டியதில்லை. கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா, தோட்டத்து மருந்தகம், மாரியம்மன் கோயில், பாடசாலைப் பிள்ளைகள் போகிற குறுக்குப் பாதை, மழைக்கு மூழ்கும் சின்னப் பாலம் எல்லாம் சேர்க்கலாம்.

இதை விளையாட்டு வேலை என்று நினைப்பவர்களுக்கு: 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்பதையும் சொல்லத் தேவையில்லை. வெளியிலிருந்து உதவிக்கு வருகிறவருக்கு எந்த லயம், எந்தப் பாதை, லொறி எதுவரை போகும் என்று தெரிய வேண்டும். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்த தொண்டர்கள் சில நாட்களில் தலைநகரின் வீதிகளை இப்படித்தான் வரைந்து கொடுத்தார்கள். வீதியை அங்கிருந்து வரையலாம். பெயரை இங்கிருந்துதான் சொல்ல முடியும்.

அண்ட்ரொய்ட் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியில் தொடங்குங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்: இந்த வீதி தாரா, கல்லா? இந்தப் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? பதிலைத் தட்டினால் போதும். பழகியதும் எவ்ரி டோர் செயலிக்குப் போனால் புதிய இடங்களைச் சேர்க்கலாம். இரண்டு விதி. கூகிள் மேப்பைப் பார்த்து எதையும் பிரதி பண்ணக்கூடாது. அது அவர்களுடைய உரிமை, கண்டுபிடித்தால் நீங்கள் சேர்த்தது எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். அடுத்தது, இன்னாருடைய வீடு என்று ஆட்களின் பெயரைப் போடக்கூடாது.

நடக்க நேரமில்லாத நாளில் மொசில்லாவின் கொமன் வொய்ஸ் இருக்கிறது. திரையில் வரும் தமிழ் வாக்கியத்தை வாசித்துப் பதிவுசெய்வது, மற்றவர் வாசித்தது சரியா என்று கேட்டுச் சொல்வது, அவ்வளவுதான். பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களைப் பழக்க யாரும் இலவசமாக எடுக்கும் தரவு அது. நம் பக்கத்துப் பேச்சும் அதில் சேரட்டும். ஆனால் உங்கள் குரல் பொதுவெளிக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

எங்கள் பாடசாலை கணினிக் கழகப் பிள்ளைகளைக் கொண்டு மென்பொருள்களைத் தமிழாக்கலாம் என்று நினைக்கிறேன். கூகிள் ட்ரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்து ஒட்டினால் வேகமாக முடியுமே?
*ஆசிரியை, வெலிமடை*

நினைத்தது நல்லது டீச்சர், ஒட்டுவது வேண்டாம். இயந்திரத் தமிழ்தான் வேண்டுமென்றால் அவர்களே ஒரே நாளில் போட்டுக்கொள்வார்கள், உங்கள் பிள்ளைகள் எதற்கு?

ஃபயர்பாக்ஸுக்கு பொன்டூன், லிப்ரெஓபிஸுக்கும் இன்னும் பல திட்டங்களுக்கும் வெப்லேட், விக்கிப்பீடியா மென்பொருளுக்கு ட்ரான்ஸ்லேட்விக்கி என்று தளங்கள் இருக்கின்றன. உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவத் தேவையில்லை. பெரும்பாலும் புதியவர் எழுதுவது முதலில் பரிந்துரையாகத்தான் நிற்கும். அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஏற்ற பிறகே மென்பொருளுக்குள் போகும். முப்பது பிள்ளைகள் ஒரே நாளில் ஆயிரம் பரிந்துரை கொட்டினால் அந்த ஒருவர் ஓடிவிடுவார். ஐந்து பேருடன் தொடங்கி, முதல் ஐம்பது வரிக்குப் பதில் வரும்வரை பொறுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு நடுவில் நெளி அடைப்புக்குள் ஒரு சொல்லோ, சதவீதக் குறியை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்தோ வரும். அந்த இடத்தில் மென்பொருள் பிறகு கோப்பின் பெயரையோ எண்ணையோ நிரப்பிக்கொள்ளும். அதைத் தமிழாக்கினால் திரை உடையும். வாக்கியத்துக்குள் அதன் இடத்தை மாற்றலாம், அதை மாற்றக்கூடாது. அப்புறம், தமிழ்நாட்டுக்கும் நமக்கும் சேர்த்துத்தான் ஒரே தமிழ்ப் பதிப்பு. நம் பாடப்புத்தகச் சொல்தான் சரி என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஏற்கெனவே உள்ள சொற்பட்டியலை முதலில் வாசிக்கட்டும்.

நான் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. என் மகன் இரவிரவாகக் கணினியில் இருந்து வெளிநாட்டுக்காரனுக்குச் சும்மா வேலை செய்து கொடுக்கிறான். கேட்டால் ஓபன் சோர்ஸ் என்கிறான். சம்பளமில்லாமல் வேலை வாங்குவது நமக்குப் புதிதா? இவனை எப்படித் தடுப்பது?
*ஹப்புத்தளை*

ஐயா, இந்த மாதம் வந்ததில் நான் அதிக நேரம் யோசித்தது உங்கள் கேள்விக்குத்தான்.

தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாகப் போனால் சிரமதானம் வைத்துத் திருத்துகிறோம். அதே பாதையில் கம்பனி லொறியும் போகிறதுதான். அதற்காகப் பாதை கம்பனிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. நம் பிள்ளைகளும் அதில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். திறந்த மூலமும் ஏறக்குறைய அப்படித்தான். உங்கள் மகன் எழுதுவதை வெளிநாட்டுக்காரனும் எடுக்கலாம், நாளைக்கு உங்கள் மகனே அதை வைத்து ஹப்புத்தளையில் தொழில் தொடங்கவும் செய்யலாம். அவன் திறந்து கொடுத்த அந்தப் பிரதியை யாரும் திரும்பப் பூட்ட முடியாதபடி லைசன்ஸ் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்ததும் காணாமற்போனவர்களைப் பதியவும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் ஒழுங்குபடுத்தவும், இலங்கையின் மென்பொருள் எழுதுநர்கள் சம்பளம் கேட்காமல் உட்கார்ந்து எழுதியதுதான் சஹானா. அதைத் திறந்த மூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டியிலும் எடுத்துப் பாவித்தார்கள். அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்குத்தான் கொடுத்தது.

காசும் இல்லாமல் இல்லை. லினக்ஸ் கேர்னலில் இன்று எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் இன்டெல், கூகிள், ரெட் ஹெட் போன்ற கம்பனிகளில் சம்பளத்துக்கு இருப்பவர்கள். கூகிள் 2005இலிருந்து நடத்தும் சமர் ஒஃப் கோட் திட்டத்தில், தெரிவாகிறவர் ஒரு திறந்த மூலத் திட்டத்தில் சில மாதம் வேலை செய்தால் உதவித்தொகை கிடைக்கும். முதல் பத்து வருடங்களைக் கூட்டிப் பார்த்தபோது, உலகிலேயே அதிக மாணவர்களை அதில் சேர்த்தது நம் மொரட்டுவைப் பல்கலைக்கழகம்தான். 2022இலிருந்து பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதினெட்டு வயதாகி, இந்த வேலைக்குப் புதியவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் உங்கள் கோபம் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் பாதுகாப்பாகக் காசு அனுப்ப உலகமே நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் 2014இல் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோதுதான், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர் அதைச் சொற்பக் காசில் பார்த்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியவந்தது. கோடி கோடியாக உழைத்த கம்பனிகள் அதுவரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே மகனைத் தடுக்காமல் இதைக் கேளுங்கள்: எந்தத் திட்டம், என்ன லைசன்ஸ், அவன் பெயரில் வேலை பதிவாகிறதா? கிட்ஹப்பில் அவன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே விளங்கும், எந்தத் திகதியில் என்ன செய்தான் என்று வரிசையாக இருக்கும். பரீட்சை நெருங்கினால் நிறுத்திவைக்கச் சொல்லலாம். யாரும் பேர் வெட்ட மாட்டார்கள்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மூன்று வாரமாகிறது. ஒரு பதிலும் இல்லை.
*நானுஓயா*

தானாக ஓடும் சோதனைகள் சிவப்பில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் பலர் திறப்பதே இல்லை. பச்சை என்றால், "இதில் நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று ஒரே வரி, ஒரே முறை. அவருக்கும் வேலை, பிள்ளை, காய்ச்சல் எல்லாம் உண்டு. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு திட்டத்துக்குப் போங்கள். உங்கள் திருத்தம் உங்கள் பிரதியில் பத்திரமாகத்தான் இருக்கும்.

சாட்ஜிபிடி எழுதித் தருகிற கோடை அப்படியே அனுப்பினால் என்ன?
*பதுளை*

சில இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024இல் இப்படிப்பட்ட பங்களிப்பை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வேறு சிலர் ஏற்கிறார்கள், ஆனால் பாவித்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். ஆகவே முதலில் விதியை வாசியுங்கள்.

விதி இடம் கொடுத்தாலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. நீங்கள் அனுப்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "இந்தப் பட்டியல் வெறுமையாக வந்தால் என்னாகும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியையும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து அது சொன்ன மூன்று பந்தி விளக்கத்தை ஒட்டினால், மனிதர் புரிந்துகொள்வார். எல்லா இடத்திலும் ஓடும் கர்ள் என்ற கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்த பாதுகாப்பு ஓட்டைகளை வாசித்தே தங்கள் நேரம் போகிறது என்று பகிரங்கமாகப் புலம்பியிருக்கிறார். கோடை விளக்கிச் சொல்ல அதைக் கேளுங்கள், நல்ல வாத்தியார்தான். அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பதில் சொல்ல முடிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

யாரும் திருத்தலாம் என்றால், யாராவது வைரஸ் எழுதிச் சேர்த்துவிட மாட்டார்களா?
*வங்கி ஊழியர், நுவரெலியா*

யாரும் திருத்தத்தை நீட்டலாம். உள்ளே எடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருவராகவே திருடன் மாறினால்?

அப்படியும் நடந்திருக்கிறது. எக்ஸ்இசட் என்ற சின்னக் கருவி, கோப்புகளைச் சுருக்குவது. லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கும். அதைப் பல வருடம் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக, உருப்படியாக வேலை செய்தார். இடையில் வேறு சில பெயர்கள் வந்து, "ஏன் இவ்வளவு தாமதம்? இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்களேன்" என்று நச்சரித்தன. பொறுப்பு கைமாறியது. 2024இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு இருந்தது. அதே வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டே போய்ப் பின்கதவைப் பிடித்துவிட்டார். பெரும்பாலான கணினிகளுக்கு அது பரவ முன்பே தடுத்தாயிற்று.

கோட் திறந்து கிடந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதே சமயம், அந்த அரை வினாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். தனி ஆளாகத் திணறும் திட்டங்களுக்குக் கை கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எங்கள் பாடசாலைக்காக மாணவர் வரவுப் பதிவு மென்பொருள் ஒன்றை எழுதினேன். மற்றப் பாடசாலைகளும் பாவிக்கட்டும் என்று கிட்ஹப்பில் போட விருப்பம். போட்டால் அது திறந்த மூலம் ஆகிவிடுமா?
*உயர்தர மாணவி, பொகவந்தலாவை*

தங்கச்சி, சும்மா போட்டால் ஆகாது. லைசன்ஸ் இல்லாத கோடை மற்றவர்கள் பார்க்கலாம், ஆனால் எடுத்துப் பாவிக்கச் சட்டப்படி உரிமை இல்லை. கிட்ஹப்பில் லைசன்ஸ் கோப்பு சேர்க்கும்போது அதுவே மாதிரிகளைக் காட்டும். எம்ஐடி என்றால் உங்கள் பெயரை விட்டுவைத்து யாரும் எதையும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். ஜிபிஎல் என்றால், மாற்றி வெளியே கொடுப்பவர் தன் மாற்றங்களையும் அதேபோல் திறந்து கொடுக்க வேண்டும். பாடசாலைகளுக்கான மென்பொருளை ஒருவர் எடுத்துப் பூட்டிக் காசாக்கக்கூடாது என்று நீங்கள் நினைத்தால், நான் ஜிபிஎல் பக்கம்.

அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று. நீங்கள் அனுப்பிய கோப்புறையைத் திறந்து பார்த்தேன். சோதிப்பதற்காக உண்மையான வகுப்புப் பட்டியலையே வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கின்றன. இன்னொரு கோப்பில் தரவுத்தளத்தின் கடவுச்சொல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாடு இது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம். இப்போது அழித்துவிட்டு ஏற்றினாலும் பழைய கமிட்களில் அது அப்படியே கிடக்கும், தோண்டி எடுக்கலாம். ஆகவே புதிய கோப்புறை திறந்து, கோடை மட்டும் எடுத்து, பொய்ப் பெயர்கள் பத்துப் போட்டு, புதிய வரலாறாகத் தொடங்குங்கள். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீட்மீயைத் தமிழிலேயே எழுதலாம், பாவிக்கப் போவது நம் பாடசாலைகள்தானே. ஆங்கிலத்தில் ஒரு பந்தி மேலே போதும். பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் தெரிந்த டீச்சர் இருந்தால் சிங்களத்திலும் ஒன்று எழுதி வாங்குங்கள். ஏற்றியதும் எனக்கு இணைப்பை அனுப்புங்கள், முதல் பிழையை நான் பிடித்துத் தருகிறேன். விடுமுறை நாளில் வரவு பதியும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஏற்கெனவே கை அரிக்கிறது.